மோட்டார் இல்லாமல் ஏறிய தண்ணீர்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். மேசையில் சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருந்தது. ரஹ்மத்தைக் காணவில்லை. மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

என் மனைவி ரஹ்மத்தின் சிரிப்புதான். ஆனால் அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கைகூடக் கழுவாமல் படியேறிப் போனேன்.

மாடி வராந்தாவின் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு எங்கள் சீமைப்பலா மரத்தின் கிளை ஒன்று நீண்டு வரும். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு ரஹ்மத்தும் பிந்து டீச்சரும் நின்றார்கள். டீச்சர் எங்கள் மாடியில் வாடகைக்கு இருப்பவர். எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறார். காலையில் கிளை நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். அடியில் ஒரு கை அள்ளும் அளவுக்குத் தேங்கியும் இருந்தது.

“இங்க பாருங்க,” என்றாள் ரஹ்மத். “இலை விட்ட தண்ணி. வேர்லேருந்து இம்புட்டு உயரம் ஏறி வந்திருக்கு. மோட்டர் இல்லாம.”

கடைசி இரண்டு வார்த்தையை அவள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இப்போது அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது நேராக என் நெஞ்சில் வந்து குத்தியது. ஏனென்றால் நான் மோட்டார்காரன்.

“சோறு ஆறுது,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அவள் பின்னாலேயே வருவாள் என்று நினைத்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வரவில்லை.

ஒரு குழாய் திறந்த நாள்

போன வாரம் இந்தத் தொடரில், வெலிங்டன் தீவுக் கிட்டங்கியில் மாட்டிக்கொண்ட பெரிய மோட்டாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், ‘உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே’ என்று கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த வாரம் அந்தக் காரணத்தையே எழுதிவிடுகிறேன்.

மட்டாஞ்சேரியில் சுற்றிலும் தண்ணீர்தான். காயல், அது கடலில் சேரும் அழிமுகம், அதற்கப்பால் கடல். குடிக்க மட்டும் குழாயை நம்ப வேண்டும். கிணற்றில் உப்பு. குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றினால்தான் வீட்டில் வேலை நடக்கும். கடையநல்லூரிலிருந்து வந்த என் வாப்பா இந்தச் சந்துகளில் துணி விற்றார். நான் மோட்டார் கட்டவும் குழாய் போடவும் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் ரஹ்மத் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, பழைய அரைக் குதிரைச்சக்தி மோட்டார் ஒன்றைச் சரிசெய்து தரைத்தொட்டிப் பக்கத்தில் பொருத்தினேன். மாடியில் தொட்டி வைத்தேன். அடுக்களையில் அவள் குழாயைத் திறந்தாள். முதலில் காற்று இருமியது. பிறகு துருவும், அதன் பிறகு நல்ல தண்ணீரும் வந்தன. அவள் மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“தண்ணிய மேல நடக்க வச்சிட்டீங்க,” என்றாள்.

அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை வைத்துக்கொண்டுதான் இருபத்தெட்டு வருஷமாகத் தொழில் செய்தேன். இடப்பள்ளியில் பதினெட்டு மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த அன்றுகூட, கட்டடக்காரர்கள் கைகொடுத்தபோது, வீட்டுக்குப் போய் இவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

பிந்து டீச்சர் வந்த பிறகு அந்தப் பதினெட்டு மாடிக் கதையை நான் மறுபடி ஒருநாள் எடுத்தேன். ரஹ்மத் மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “கரண்ட் போனா அங்க தண்ணி கிடையாதே,” என்றாள். “மரத்துக்கு அந்தத் தொல்லை இல்ல.”

டீச்சர் சொன்னாங்க

மகளைப் பாலக்காட்டில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வெறுமைக்குள்தான் டீச்சர் வந்தார். ரஹ்மத்தின் வயதுதான் இருக்கும். கணவர் வெளிநாட்டில். கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் படித்தவர் என்பதால் தமிழ் பேசுவார், மலையாளம் கலந்து.

ரஹ்மத் எட்டாம் வகுப்போடு நின்றவள். தமிழைவிட மலையாளம்தான் நன்றாக வாசிப்பாள். டீச்சர் ஒரு பழைய பாடப்புத்தகம் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் ‘டீச்சர் சொன்னாங்க’ என்றுதான் தொடங்கியது. கீரை ஏன் வாடுகிறது, டீச்சர் சொன்னாங்க. தென்னை உப்புத் தண்ணீரில் எப்படி நிற்கிறது, டீச்சர் சொன்னாங்க.

டீச்சர் ஓர் ஆணாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஒரு பெண்ணோடு மனைவி மரத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சுள்ளிக்கல்லில் இருக்கும் கூட்டாளியிடம் ஒருநாள் சாயா குடிக்கும்போது லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “நல்ல காரியம்தானே காஜா இக்கா,” என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே மோதிப் பார்த்தேன். மூன்று பேரும் மரத்தடியில் இருந்தோம்.

“டீச்சர், மேல மோட்டார வச்சு இழுத்தா தண்ணி இருபத்தஞ்சு அடிக்கு மேல வராது,” என்றேன். “எவ்வளவு பெரிய மோட்டாரா இருந்தாலும் சரி. அதுக்கு மேல வேணும்னா கீழ வச்சுத் தள்ளணும். இந்த மரம் அறுபதடி. இலை இழுக்குதுன்னு நீங்க சொல்றது நடக்காத காரியம்.”

டீச்சர் கவனமாகக் கேட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இக்கா சொல்றது சரியாணு,” என்றார். “உங்க மோட்டார்ல காத்தோட கனம்தான் தண்ணிய ஏத்துது. அதுக்கு ஒரு எல்லை உண்டு. இது வேற மாதிரி. இலையில கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருக்கு. வெயில்ல அது வழியா தண்ணி ஆவியாப் போகும். போற தண்ணி பின்னால இருக்கிற தண்ணியப் பிடிச்சு இழுக்கும். அது அதுக்குப் பின்னால இருக்கிறத. அப்படி வேர் வரைக்கும் ஒரே நூலு. தண்ணி தண்ணிய விடாது இக்கா.”

“நூல் நடுவுல காத்து புகுந்தா?”

என் தொழிலில் பாதி வருமானம் அந்தக் காற்றால்தான். காற்று புகுந்த குழாயில் மோட்டார் எவ்வளவு கத்தினாலும் ஒரு சொட்டு ஏறாது. இதில் டீச்சர் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

“புகும்,” என்றார். “நல்ல வெயில் காலத்துல புகும். அந்தக் குழாய் அதோட போச்சு. ஆனா குழாய் ஒண்ணு ரெண்டு இல்லல்லோ. தலைமுடிய விட மெல்லிசா எண்ண முடியாத அளவுக்கு இருக்கு. தண்ணி பக்கத்துக் குழாயில போகும்.”

ரஹ்மத்தைப் பார்த்தேன். நான் நல்ல கேள்வி கேட்டேன் என்று அவளுக்குப் பட்டிருக்கும் என்று ஓர் ஆசை. அவள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைக் குதிரைச்சக்தி மோட்டாரைப் பொருத்திய வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்த அதே முகம்.

சின்னச் சின்ன அற்பத்தனங்கள்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சுவிட்ச் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. நான் அதைப் போட மறக்க ஆரம்பித்தேன். மறந்தேன் என்று எழுதுவது பொய். போடவில்லை.

டீச்சர் வாளியோடு கீழே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரஹ்மத் இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியில் தண்ணீரைச் சிந்திக்கொண்டு ஏறினார்கள். “நாம இப்ப மரத்தோட வேலை செய்யறோம்,” என்று ரஹ்மத் சொல்வது கேட்டது. மறுபடி சிரிப்பு. நான் போய் சுவிட்சைப் போட்டேன்.

பால்

மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு இது நடந்தது. டீச்சரின் கல்லூரியில் செடிகள் கண்காட்சி என்று இருவரும் படகேறி எறணாகுளம் போயிருந்தார்கள். ரஹ்மத் பெருநாளுக்கு எடுத்த சேலையை உடுத்தியிருந்தாள். ‘நீங்களும் வாங்க’ என்று கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை.

வீட்டில் தனியாக இருந்தேன். மரம் நின்றது. சீமைப்பலா இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி, விரல் விரலாகப் பிளந்து இருக்கும். அத்தனை இலையும் வெயிலில் தளதளவென்று இருந்தது. ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுவதுபோல அந்த மரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பட்டையைக் கீறினால் பால் வருகிறது. ஆகவே மரத்தின் குழாயெல்லாம் பட்டையில்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். டீச்சரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்டால் நான் தோற்றது மாதிரி. இரும்பறுக்கும் வாளை எடுத்தேன். அடிமரத்தைச் சுற்றி ஒரு கோடு அறுத்தேன். நான்கு விரல் தள்ளி இன்னொரு கோடு. நடுவிலிருந்த பட்டையை உளியால் நெம்பி வளையமாக உரித்து எடுத்தேன்.

பால் கொட்டியது. வெள்ளையாக, கெட்டியாக, என் விரல்களுக்கு நடுவில் இழுபட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் பிசுபிசுப்பு போகவில்லை.

நாளைக்கே இலையெல்லாம் தொங்கிவிடும், ‘பார்த்தாயா, உன் மரமும் குழாயை வெட்டினால் காலி’ என்று சொல்லலாம் என்று நினைத்தேன். மரத்தைக் கொல்ல நினைக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. அந்த நேரத்தில் அது செத்தாலும் சரி என்றுதான் இருந்தது.

வெட்டின இடத்தை மறைத்துச் சாக்கு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். சாயங்காலம் வந்ததும் ரஹ்மத் கேட்டாள்.

“கறையான் ஏறுது,” என்றேன். “மருந்து வச்சிருக்கேன். விஷம், தொட்டுராத.”

மரம் வாடவில்லை

மறுநாள் காலையில் பல்கூடத் தேய்க்காமல் போய்ப் பார்த்தேன். ஓர் இலைகூடத் தொங்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. மழை வந்தது. மரம் அப்படியேதான் நின்றது. வேரிலிருந்து தண்ணீர் எப்படியோ ஏறிக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை, அந்தப் பருவத்தில் மரம் என்றுமில்லாமல் காய்த்தது. கிளைக்குக் கிளை காய். ரஹ்மத் தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்தாள், வறுத்தாள், சந்து முழுக்கக் கொடுத்தனுப்பினாள். “உங்க மருந்து நல்லா வேலை செய்யுது,” என்றாள் என்னிடம்.

மழைக்காலம் போய் பனிக்காற்று அடிக்கத் தொடங்கியபோது புது இலைகள் சின்னதாக வந்தன. கைக்குட்டை அளவு. பிறகு மஞ்சளடித்தன. கிளை நுனிகள் காய்ந்தன. முற்றத்தில் ஓயாமல் இலை விழுந்தது.

இலை மஞ்சளடிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் காயல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் சந்துக்குள் வந்து இரண்டு நாள் நின்றது. சில வாரத்துக்கு முன் ரஹ்மத்தும் டீச்சரும் நுனிவேர் பார்ப்பதற்காக மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டியிருந்தார்கள். சரியாக மூடவில்லை. உப்புத் தண்ணீர் அதில் போய்த் தேங்கியது.

“நாம தோண்டின குழிதான் டீச்சர்,” என்றாள் ரஹ்மத். “அது வழியா உப்பு வேருக்குப் போயிருச்சு.”

டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “இருக்கலாம்,” என்றார் மெதுவாக. “எனக்கும் வேறொண்ணும் தோணலை.”

அன்றைக்கே ரஹ்மத் பாடப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “என்கிட்ட இதெல்லாம் ஒட்டாது,” என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு மாடிக்குப் போகவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். மதியம் வந்தால் அவள் வீட்டில் இருந்தாள். சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முதல் நான்கைந்து நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் என் மோட்டார் கதைகளுக்கு அவள் ‘ம்’ மட்டும் கொட்டினாள். சாப்பாடு முடிந்ததும் குடத்தில் நல்ல தண்ணீரை எடுத்துப் போய், நாங்கள் குடிக்கிற தண்ணீரை, மரத்தடியில் ஊற்றினாள். உப்பைக் கழுவுகிறாளாம். தினம் எட்டுக் குடம். கல்யாணமான புதிதில் தூக்கின அதே இடுப்பில்.

ஒருநாள் அவள் ஊற்றும்போது மரத்திடம் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. கிட்டப் போனேன். “என் கையால இப்படி ஆயிப் போச்சே,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாக்கை அவிழ்த்தேன்

“குழியால இல்ல,” என்றேன். “நான்தான்.”

“என்ன நீங்க?”

சாக்குக் கட்டை அவிழ்த்தேன். உரித்த இடம் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. அதற்கு மேல் பட்டை உதடு மாதிரித் தடித்து வீங்கியிருந்தது. ரஹ்மத் குடத்தைக் கீழே வைத்தாள். அந்த வளையத்தில் விரலை வைத்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“எதுக்கு?” என்றாள்.

“நீ இப்பல்லாம் என்கிட்ட ஒண்ணும் கேக்கிறதில்ல,” என்றேன். ஐம்பத்திரண்டு வயது ஆண் சொல்கிற பதில் அது.

அவள் சத்தம் போடவில்லை. “கேட்டிருக்கேன்,” என்றாள். “அந்த மோட்டர் வச்ச அன்னிக்கே கேட்டேன், அது எப்படி தண்ணிய ஏத்துதுன்னு. ‘உனக்கு எதுக்கு, சுவிட்ச் போடத் தெரிஞ்சா போதும்’னீங்க. பெறகும் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அதையேதான் சொன்னீங்க. அப்புறம் விட்டுட்டேன்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவள் பார்வை ஞாபகம் இருந்தது. அதற்கடுத்து அவள் கேட்டதும் நான் சொன்னதும் சுத்தமாக ஞாபகம் இல்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

ரஹ்மத்தோடு டீச்சர் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்தார். குனிந்து, தொட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

“தண்ணி இது வழியா போறதில்ல,” என்றார். “அது உள்ள தடியில, மரக்கட்டையில, ஏறுது. பட்டை சாப்பாடு இறங்குற வழி. இலையில உண்டாகுற சாப்பாடு வேருக்கு வரணும். நீங்க அத நிறுத்திட்டீங்க. மேலேயே தங்கினதாலதான் அவ்வளவு காய். வேர் இத்தனை மாசமா பட்டினி.”

பிறகு ரஹ்மத்திடம் கேட்டார். “ஞான் வேற வீடு பார்க்கணுமா?”

“நீங்க எங்கயும் போக வேண்டாம்,” என்றாள் ரஹ்மத். “போறதா இருந்தா வேற ஆள் போகட்டும்.”

அந்த வேற ஆளான நான் அங்கேயே தலையைக் குனிந்து நின்றேன்.

ஐந்து கன்றுகள்

சீமைப்பலாவின் வேரிலிருந்து கன்று முளைக்கும். அடிமரத்தை ஒட்டி அப்படி ஐந்து கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்திருந்தன. அவற்றின் இலைகள் ஊட்டியதால்தான் வேர் இன்னும் முழுக்கச் சாகவில்லை என்றார் டீச்சர். அந்தக் கன்றுகளை வளைத்து, நுனியைச் சீவி, காயத்துக்கு மேலே இருக்கும் பட்டைக்குள் செருகிவிட்டால், மேலே இருக்கும் சாப்பாடு கன்று வழியாக வேருக்கு இறங்கலாம். பிடித்தால் பிடிக்கும். உறுதி சொல்ல முடியாது.

“பைபாஸ் லைன்,” என்று என்னை அறியாமல் சொன்னேன்.

“அதேதான்,” என்றார் டீச்சர். அன்று அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை.

டீச்சர் காட்டிக் கொடுத்தார். ரஹ்மத் பட்டையைக் கீறினாள். கன்றின் நுனியை ஆப்பு மாதிரிச் சீவியதும் அவள்தான். வளைத்த கன்று விலகாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பால் என் முழங்கைவரை வழிந்தது. சின்ன ஆணி அடித்து, மெழுகு பூசி, துணியால் சுற்றினோம். இரண்டு பெண்களும் எனக்குத் தெரியாத சொற்களில் பேசிக்கொண்டார்கள். அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை நடந்த பிறகும் அது போகவில்லை.

ரஹ்மத் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வைத்தாள், துணி துவைத்தாள், பேசவில்லை. முதல் வாரத்தில் ஒரு கன்று கருகியது. பிறகு இன்னொன்று. மரத்தின் பெரிய கிளைகள் இரண்டை ஆள் வைத்து வெட்டி இறக்க வேண்டியதாயிற்று. டீச்சர் காலையில் கல்லூரிக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் மரத்தடிக்கு வந்து நிற்பார். நான் அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய் நிற்பேன்.

ஏறத்தாழ நாற்பது நாள். ஒரு சாயங்காலம், சாயா குடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மாடியில் டீச்சர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. முற்றத்திலிருந்து ரஹ்மத் வந்தாள். வலது கைக் கட்டைவிரல் நகத்தில் வெள்ளையாகப் பால் ஒட்டியிருந்தது.

“மூணுல ரெண்டு பிடிச்சிருக்கு,” என்றாள். “மேல கீறினா பால் வருது. பட்டை சேந்திருச்சு.”

சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். “டீச்சர்கிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“இல்ல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்,” என்றாள். சொல்லிவிட்டு மாடிப்படிக்குத் திரும்பினாள்.

அவள் காலடியை எண்ணினேன். பதினான்கு படிகள். அவ்வளவு நேரமும் அந்தச் செய்தி எனக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தது.